அறுவைக்குப் பிறகு கீமோவோடு இம்யூனோதெரபி: கருப்பைப் புற்றுநோயில் ஒரே சோதனையில் வந்த இரண்டு பதில்கள்

கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது, ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் எதற்கு இன்னும் நாலைந்து மாதம் கீமோ? கருப்பைப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்தவர்களின் வீட்டில் இந்தக் கேள்வி தவறாமல் எழும். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: கீமோவோடு, உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியும் போட்டால் இன்னும் நல்லதா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் தேட ஒரு பெரிய சோதனை நடந்தது. அதன் முடிவு 2024இல் வெளிவந்தபோது தலைப்புச் செய்தி "பலன் இல்லை" என்பதுதான். ஆனால் அதே முடிவுக்குள் ஒரு பிரிவினருக்குப் பலன் மிகப் பெரிதாக இருந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டால், இந்தச் சிகிச்சையின் அடிப்படையே பிடிபட்டுவிடும். அதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும்.

எந்தப் புற்றுநோய், யாருக்கு மேல்சிகிச்சை

கருப்பையின் உள்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வுக்கு எண்டோமெட்ரியம் என்று பெயர். மாதவிடாயின்போது உதிர்வது அதுதான். அதில் தொடங்கும் புற்றுநோயைத்தான் இங்கே பேசுகிறோம். கருப்பை வாய்ப் புற்றுநோய் வேறு. அது வைரஸ் தொற்றால் வருவது, சிகிச்சை முறையும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் முழுவதும் சுமார் 4.2 லட்சம் பெண்களுக்கு எண்டோமெட்ரியப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 97,000க்கும் மேற்பட்டோர் அதனால் இறந்தார்கள்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளிக்குக் காரணம், இந்த நோய் பெரும்பாலும் சீக்கிரமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் ரத்தப்போக்குதான் அடையாளம். பத்தில் ஒன்பது பேருக்கு அது இருக்கும். அந்த வயதில் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் போய்ப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அப்படிச் சீக்கிரம் வந்தவர்களில் பலருக்கு நோய் கருப்பைக்குள்ளேயே இருக்கும். கருப்பை, கருக்குழாய்கள், சூலகங்கள் மூன்றையும் எடுத்துவிட்டு, நிணநீர்க் கணுக்களைச் சோதித்துப் பார்த்தால் முடிந்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குமேல் பெரிய சிகிச்சை எதுவும் தேவைப்படாது.

நம் கேள்வி மீதிப் பேரைப் பற்றியது. நோய் நிணநீர்க் கணுக்களுக்கோ கருப்பைக்கு வெளியிலோ பரவியிருந்தவர்கள், அதாவது மூன்றாம் ஸ்டேஜ். அல்லது ஸ்டேஜ் குறைவாக இருந்தாலும் செல்லின் வகை மோசமானவர்கள்: சீரஸ், கிளியர் செல், கார்சினோசர்கோமா போன்றவை. பி53 என்ற மரபணு கெட்டுப்போன கட்டிகளும் இதில் சேரும். இவர்களுக்கு அறுவையில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எடுக்கப்பட்டிருந்தாலும், எங்கேயோ சில ஆயிரம் செல்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். ஸ்கேனில் தெரிய வேண்டுமென்றால் அந்தச் செல்கள் பல கோடியாகப் பெருக வேண்டும். அதுவரை காத்திருக்காமல் அடித்துவிடுவதுதான் அறுவைக்குப் பிந்தைய சிகிச்சையின் நோக்கம்.

வழக்கமான ஆயுதங்கள் கதிர்வீச்சும் கீமோவும். கீமோ என்றால் இங்கே கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்துகள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இவை எவ்வளவு உதவுகின்றன? போர்டெக்-3 என்ற சோதனையில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பின் 76.1% பேர் உயிரோடு இருந்தார்கள்; கதிர்வீச்சோடு கீமோவும் பெற்றவர்களில் 81.4% பேர். நூற்றுக்கு ஐந்து பேர் வித்தியாசம். சின்ன எண்தான், ஆனால் அந்த ஐந்து பேருக்கு அது சின்னதில்லை. இன்னொரு பக்கம், நூறு பேரும் கீமோவின் அவதியை அனுபவித்த பிறகும் பத்தொன்பது பேர் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அடுத்த மருந்தைத் தேட வேண்டியிருக்கிறது.

இம்யூனோதெரபி என்ன செய்கிறது

கீமோ நேராகப் புற்றுச் செல்லைத் தாக்கும். இம்யூனோதெரபி புற்றுச் செல்லைத் தானே கொல்வதில்லை; அது பேசுவது நம் உடம்பின் டி செல்களோடு. இவை ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. உடம்பில் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பையும் தடவிப் பார்ப்பது இவற்றின் வேலை. மேற்பரப்பில் அந்நியமான புரதத் துண்டு தென்பட்டால், அந்தச் செல்லைக் கொன்றுவிடும்.

இப்படிக் கொல்லும் சக்தி கட்டுப்பாடில்லாமல் போனால் சொந்த உடம்பையே அழித்துவிடும். அதனால் டி செல்லுக்குள்ளேயே பிரேக் வைத்திருக்கிறது உடம்பு. பிடி-1 என்ற புரதம் அப்படி ஒரு பிரேக். டி செல்லின் மேல் அது நீட்டிக்கொண்டிருக்கும். எதிரில் உள்ள செல் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அதைத் தொட்டால் டி செல் நின்றுவிடும். சாதாரணச் செல்கள் தம்மைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் இந்த வழியைப் பல புற்றுச் செல்களும் பயன்படுத்திக்கொள்கின்றன. பிடி-1ஐ 1992இல் கண்டெடுத்தவர் ஜப்பானின் தசுகு ஹோஞ்ஜோ. இதே போன்ற இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனோடு சேர்த்து அவருக்கு 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பெம்ப்ரோலிசுமாப், டோஸ்டார்லிமாப் ஆகியவை பிடி-1இல் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகள், அதாவது ஆய்வகத்தில் செய்த புரதங்கள். டுர்வாலுமாப், அடெசோலிசுமாப் எதிர்ப்பக்கத்தில் பிடி-எல்1இல் ஒட்டும். எந்தப் பக்கம் ஒட்டினாலும் இரண்டும் தொட முடியாமல் போகிறது, டி செல் நிற்காமல் வேலையைத் தொடர்கிறது. பொதுவாக ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்து. ஏற்றி முடிக்க மருந்தைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. தடையை எடுத்தால் மட்டும் போதாது. டி செல் அந்தப் புற்றுச் செல்லை அந்நியம் என்று ஏற்கெனவே அடையாளம் கண்டிருக்க வேண்டும். அடையாளமே தெரியாத இடத்தில் இந்த மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கட்டுரையின் மீதி முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

எம்எம்ஆர்: கட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது சுமார் 600 கோடி எழுத்துள்ள டிஎன்ஏவை முழுசாக நகலெடுக்கிறது. பிழைகள் வரத்தான் செய்யும். நகலெடுத்த கையோடு அவற்றைத் தேடித் திருத்தும் புரதக் கூட்டத்துக்கு எம்எம்ஆர் என்று பெயர். அதில் நான்கு புரதங்களைத்தான் ஆய்வகத்தில் பார்ப்பார்கள்: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6.

சில கட்டிகளில் இந்தக் கூட்டம் வேலை செய்வதில்லை. பிழைகள் திருத்தப்படாமல் குவிகின்றன. பிழையான டிஎன்ஏவிலிருந்து பிழையான புரதங்கள் உருவாகின்றன. அவற்றின் துண்டுகள் செல்லின் மேற்பரப்பில் வந்து உட்காரும்போது டி செல்லுக்கு அவை அப்பட்டமான அந்நியம். இப்படிப்பட்ட கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் டி செல்கள் ஏற்கெனவே உள்ளே வந்து கூட்டமாக நிற்பது பல சமயம் தெரியும். தாக்க வந்தவை, பிடி-1 தடுத்ததால் நின்றுவிட்டவை. அந்த ஒரு தடையை எடுத்தால் போதும் என்ற நிலை. எண்டோமெட்ரியப் புற்றுநோய்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று இந்த வகை. உடம்பின் வேறு எந்தப் பொதுவான புற்றுநோயிலும் இவ்வளவு அதிகமாகக் காண்பது அபூர்வம்.

பரிசோதனை எளிமையானது. அறுவையில் எடுத்த கட்டியிலிருந்து மெல்லிய சீவலை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனியாகச் சாயம் ஏற்றுவார்கள். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகும். இல்லையென்றால் வெளிர் நீலமாகவே நிற்கும். கட்டிக்கு நடுவே உள்ள ரத்தக்குழாய்ச் செல்களும் வெள்ளையணுக்களும் பழுப்பாகி, சுற்றியுள்ள புற்றுச் செல்கள் மட்டும் நீலமாக இருந்தால் சந்தேகமே இல்லை: சாயம் சரியாகப் பிடித்திருக்கிறது, புரதம்தான் கட்டியில் காணாமல் போயிருக்கிறது. எம்எல்எச்1 போனால் கூடவே பிஎம்எஸ்2வும் போகும், ஏனென்றால் துணை இல்லாமல் அது நிலைக்காது. எம்எஸ்எச்2வுக்கும் எம்எஸ்எச்6க்கும் இடையிலும் இதே கதைதான். நான்கில் ஒன்று இழந்தாலும் எம்எம்ஆர் குறைபாடு என்று எழுதுவார்கள். நான்கும் இருந்தால் எம்எம்ஆர் இயல்பு.

இந்த ரிப்போர்ட்டுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எம்எம்ஆர் குறைபாடு பெரும்பாலும் கட்டிக்குள் மட்டுமே நேர்ந்த மாற்றம். ஆனால் சிலருக்கு அது பிறவியிலேயே மரபணு வழியாக வந்திருக்கும். அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். அப்படியென்றால் அவருக்குக் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். அக்கா தங்கை, அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்காகச் செய்த ஒரு பரிசோதனை குடும்பத்துக்கே எச்சரிக்கை மணியாவது புற்றுநோய் மருத்துவத்தில் அடிக்கடி கிடைக்காத வாய்ப்பு.

முற்றிய நோயில் கிடைத்த வெற்றி

அறுவைக்குப் பின் முயலுவதற்கு முன்னால், முற்றிய அல்லது திரும்பி வந்த நோயில் இந்தச் சேர்க்கையைச் சோதித்தார்கள். 2023இல் இரண்டு சோதனைகளின் முடிவுகள் ஒன்றாக வந்தன. ரூபி என்ற சோதனையில் கீமோவோடு டோஸ்டார்லிமாப். எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்களில் இரண்டு ஆண்டு கழித்தும் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 61.4%, கீமோ மட்டும் பெற்றவர்களில் 15.7%. புற்றுநோய்ச் சோதனைகளில் இப்படி நான்கு மடங்கு வித்தியாசம் வருவது எப்போதாவதுதான். என்ஆர்ஜி-ஜிஒய்018 என்ற இன்னொரு சோதனையில் பெம்ப்ரோலிசுமாப். அதில் எம்எம்ஆர் இயல்பாக இருந்தவர்களுக்கும் ஓரளவு பலன் தெரிந்தது: நோய் முன்னேறாத காலம் நடுமதிப்பில் 8.7 மாதத்திலிருந்து 13.1 மாதமானது.

கீமோவோடு ஏன் சேர்க்க வேண்டும், தனியாகக் கொடுத்தால் என்ன? கீமோவில் புற்றுச் செல்கள் உடைந்து சாகும்போது அவற்றின் உள்ளிருக்கும் பிழையான புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. டி செல்களுக்கு அவை புதிய அடையாளங்கள். எதிர்ப்பு சக்தி சூடு பிடிக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை நோயைக் கீமோ அடக்கி வைக்கும். எதிர்வாதமும் இருந்தது. கீமோ வெள்ளையணுக்களையும் குறைக்கிறது. பாக்லிடாக்செல்லுக்கு முன் ஒவ்வாமை வராமல் இருக்க ஸ்டீராய்டு போடுகிறார்கள், அது எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்துவது. 2023இன் முடிவுகள் அந்தப் பயத்தைப் பெரிய அளவில் தணித்தன.

முற்றிய நோயில் வேலை செய்யும் மருந்தை நோய் இன்னும் கொஞ்சமாக இருக்கும் கட்டத்துக்குக் கொண்டுவருவது புற்றுநோய் மருத்துவத்தில் வழக்கமான நகர்வு. குறைவாக இருக்கும்போதே அடித்தால் முழுசாகவே ஒழிக்கலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு நடந்ததுதான் கீநோட்-பி21.

கீநோட்-பி21

அறுவை முடிந்து, நோய் எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்த, ஆனால் திரும்பி வரும் அபாயம் அதிகமுள்ள 1,095 பெண்கள். கணினி குலுக்கல் முறையில் அவர்களை இரண்டு பிரிவாக்கியது. எல்லோருக்கும் வழக்கமான கீமோ, தேவைப்பட்டவர்களுக்குக் கதிர்வீச்சு. ஒரு பிரிவினருக்குக் கூடவே பெம்ப்ரோலிசுமாப், மற்றவர்களுக்கு அதைப் போலவே தோன்றும் மருந்தில்லாத திரவம். முதலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு தடவை, பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை இன்னும் ஆறு தடவை. மொத்தத்தில் ஓராண்டுக்கும் மேல். யாருக்கு எது ஏறுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

இந்த ஒளிவுமறைவு எதற்கு என்று சிலர் கோபப்படுவதுண்டு. அறுவைக்குப் பிந்தைய சோதனையில் அது ரொம்பவே அவசியம். முற்றிய நோயில் மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கட்டி சுருங்குவதை வைத்து அளக்கலாம். இங்கே சுருங்குவதற்குக் கட்டியே இல்லை. இந்த ஒரு பெண்ணுக்கு மருந்து உதவியதா என்று யாராலும் சொல்ல முடியாது: நோய் திரும்பவில்லை என்றால் மருந்தால் இருக்கலாம், அறுவையிலேயே குணமாகியிருக்கவும் கூடும். இரண்டு பெரிய கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, எந்தக் கூட்டத்தில் நோய் அதிகம் திரும்பியது என்று எண்ணுவது மட்டும்தான் வழி. மருந்து ஏறியது மருத்துவருக்குத் தெரிந்திருந்தால், ஸ்கேனில் தெரியும் ஒரு மங்கலான புள்ளியை அவர் வாசிக்கும் விதமே மாறிவிடும்.

எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள்: பெம்ப்ரோலிசுமாப் பிரிவில் சுமார் 75%, மற்றதில் சுமார் 76%. அபாய விகிதம் 1.02. இந்த எண் 1 என்றால் இரண்டு பிரிவும் சமம். 1க்குக் கீழே இறங்க இறங்க மருந்தின் பலன் கூடுகிறது. 1.02 என்பது தெளிவான "இல்லை".

இப்போது உள்ளே போவோம். 1,095 பேரில் 281 பேருக்கு எம்எம்ஆர் குறைபாடு. அவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், இரண்டு ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 92.4%, மற்றதில் 80.2%. அபாய விகிதம் 0.31. அதாவது நோய் திரும்பும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

கால்வாசிப் பேருக்கு இவ்வளவு பலன் என்றால் மொத்தக் கணக்கில் அது ஏன் தெரியவே இல்லை? ஒவ்வொரு பிரிவிலும் நூறு பேர் என்று வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் 26 பேருக்கு எம்எம்ஆர் குறைபாடு. மருந்தில்லாத பக்கம் அந்த 26 பேரில் ஐந்து பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்புகிறது. மருந்துள்ள பக்கம் இரண்டு பேருக்கு. மூன்று பேர் தப்பித்தார்கள். மீதி 74 பேரில்? மருந்தில்லாத பக்கம் 19 பேருக்குத் திரும்புகிறது, மருந்துள்ள பக்கம் 23 பேருக்கு. இந்த நான்கு பேர் வித்தியாசம் வெறும் தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான். மருந்து கெடுதல் செய்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்களிடம் கிடைத்த மூன்று பேர் லாபத்தை மொத்தக் கணக்கில் மூழ்கடிக்க அதுவே போதும். எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்கள் எண்ணிக்கையிலும் குறைவு, நோய் திரும்புவதும் அவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தச் சராசரியில் அவர்கள் குரல் எடுபடவில்லை.

உட்பிரிவு முடிவுகளை நம்பலாமா என்று புள்ளியியல் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். முக்கியக் கேள்விக்கு "இல்லை" என்று வந்த பிறகு, தரவைக் கூறு போட்டுக்கொண்டே போனால் ஏதாவது ஒரு கூறில் "ஆம்" வந்தே தீரும். அப்படி வந்த முடிவுகள் பின்னால் பொய்த்துப்போன கதைகள் மருத்துவத்தில் ஏராளம். என் பார்வையில் இது அந்த ரகமில்லை. எம்எம்ஆர் நிலையை முடிவு வந்த பிறகு யாரும் தேடிப்பிடிக்கவில்லை. குலுக்கல் போடும்போதே அதை வைத்துத்தான் இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தார்கள். உயிரியல் என்ன எதிர்பார்க்கச் சொன்னதோ, அந்தத் திசையிலேயே முடிவு வந்திருக்கிறது. முற்றிய நோயின் சோதனைகளிலும் அபாய விகிதம் இதே அளவில்தான் இருந்தது. ஆனாலும் 281 பேர் என்பது சின்னக் கூட்டம், இரண்டு ஆண்டு என்பது குறைந்த காலம், எத்தனை பேர் கூடுதலாக உயிர் வாழ்ந்தார்கள் என்ற கணக்கும் அந்த அறிக்கையின்போது முதிர்ந்திருக்கவில்லை. நம்பலாம், பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு நம்பலாம்.

எம்எம்ஆர் இயல்பானவர்களுக்கு முற்றிய நோயில் உதவிய மருந்து அறுவைக்குப் பிறகு ஏன் உதவவில்லை? உறுதியான விடை யாரிடமும் இல்லை. ஒரு ஊகம் பொருத்தமாகப் படுகிறது. முற்றிய நோயில் கட்டி உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கீமோவில் அது உடைய உடைய, டி செல்கள் பழகுவதற்கு நிறைய அடையாளங்கள் கிடைக்கின்றன. அறுவைக்குப் பிறகு பழகுவதற்கே ஒன்றும் மிச்சமில்லை. பிழைகள் நிறைந்த கட்டியை டி செல்கள் முன்பே பார்த்து நினைவில் வைத்திருக்கும். பிழைகள் குறைந்த கட்டிக்கு அந்த நினைவும் இருக்காது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இந்த மருந்தை அறுவைக்கு முன்பே தொடங்கியவர்களுக்கு, பின்னால் மட்டும் பெற்றவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது இந்த ஊகத்துக்கு வலு சேர்க்கிறது.

என்ன விலை கொடுக்கிறோம்

பணத்தைச் சொல்லவில்லை. டி செல்லின் தடையை எடுக்கும்போது அது எல்லா இடத்திலும் நீங்குகிறது, கட்டியில் மட்டும் இல்லை. டி செல்கள் தைராய்டைத் தாக்கினால் தைராய்டு சுரப்பு நிற்கும். குடலைத் தாக்கினால் நிற்காத வயிற்றுப்போக்கு. நுரையீரலைத் தாக்கினால் மூச்சுத்திணறல், வறட்டு இருமல். கல்லீரல், அட்ரினல், பிட்யூட்டரி எதுவும் விலக்கில்லை. மிக அரிதாக இதயத் தசை. அது உயிருக்கே ஆபத்து. கீமோவின் பின்விளைவுகள் பெரும்பாலும் எதிர்பார்த்த நாளில் வந்து எதிர்பார்த்த நாளில் போகும். பாக்லிடாக்செல்லால் வரும் கைகால் மரமரப்பு மட்டும் பலருக்கு நீடிக்கும். இம்யூனோதெரபியின் பின்விளைவுகளுக்கு அப்படித் தேதி கிடையாது. மருந்தை நிறுத்தி மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால் ஓராண்டுக்கு முன் முடிந்த சிகிச்சையாக இருந்தாலும், வேறு எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலானவை ஸ்டீராய்டில் அடங்கும். சுரப்பிகள் கெட்டால் மட்டும் பொதுவாகத் திரும்பாது. தைராய்டு மாத்திரை ஆயுளுக்கும். கீநோட்-பி21இல் கடுமையான பக்கவிளைவுகள் மருந்துப் பிரிவில் சுமார் 71% பேருக்கும் மற்றதில் சுமார் 63% பேருக்கும் வந்தன. பெரும்பங்கு கீமோவினுடையது என்பது அந்த 63இலேயே தெரிகிறது.

இங்கே ஒரு சங்கடமான கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். எம்எம்ஆர் குறைபாடு உள்ள நூறு பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்தால், எண்பது பேர் இரண்டு ஆண்டு வரை இது இல்லாமலே நன்றாக இருந்திருப்பார்கள். எட்டுப் பேருக்குக் கொடுத்தும் நோய் திரும்பும். நடுவில் உள்ள பன்னிரண்டு பேருக்குத்தான் பலன். முற்றிய நோயில் ஒரு தைராய்டு மாத்திரை பெரிய விஷயமே இல்லை. ஏற்கெனவே குணமாகிவிட்டவராக இருக்கக்கூடிய ஒருவருக்கு ஆயுளுக்கும் மாத்திரை என்பது வேறு மாதிரி எடை. அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் ஆய்வுகள் அந்தத் திசையில்தான் போகின்றன. எம்எம்ஆர் இயல்பானவர்களுக்கோ, இப்போதுள்ள சான்றுகளை வைத்து அறுவைக்குப் பின் இந்த மருந்தைச் சேர்க்கக் காரணம் இல்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று போட்டுக்கொள்ளும் மருந்தில்லை இது.

கட்டியின் வகைக்கு ஏற்ற சோதனைகள்

எம்எம்ஆர் என்பது கட்டிகளைப் பிரிக்கும் ஒரு கோடு மட்டும்தான். 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று எண்டோமெட்ரியப் புற்றுநோயை நான்கு குடும்பங்களாகப் பிரித்தது: பிஓஎல்ஈ என்ற மரபணு மாறியவை, எம்எம்ஆர் குறைபாடு உள்ளவை, பி53 கெட்டவை, இவை எதிலும் சேராதவை. போர்டெக்-3இல் எடுத்த கட்டிகளைப் பிற்பாடு இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தபோது, கீமோவின் பலன் முக்கியமாக பி53 கெட்டவர்களிடம் குவிந்திருந்தது: ஐந்து ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 36%இலிருந்து 59% ஆனார்கள். பிஓஎல்ஈ மாறியவர்கள் கீமோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய எல்லோரும் நன்றாக இருந்தார்கள். எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பலன் தெரியவில்லை.

கடைசி வரியைக் கீநோட்-பி21க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இம்யூனோதெரபி யாருக்கு உதவுகிறதோ, அவர்களுக்குக் கீமோ பெரிதாக உதவவில்லை. அப்படியென்றால் அவர்களுக்கு முடி கொட்டும், விரல் மரத்துப்போகும் அந்தக் கீமோ தேவையா? கதிர்வீச்சோடு இம்யூனோதெரபி மட்டும் போதாதா? ரெயின்போ என்ற ஆய்வுத் திட்டம் நான்கு குடும்பங்களுக்கும் தனித்தனிச் சோதனை வைத்திருக்கிறது. அதில் எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்களுக்கானதற்குக் கிரீன் என்று பெயர். கதிர்வீச்சு மட்டும் ஒரு பக்கம், கதிர்வீச்சோடு ஓராண்டு டுர்வாலுமாப் மறுபக்கம். இரண்டிலும் கீமோ கிடையாது. பிஓஎல்ஈ மாறியவர்களுக்கான புளூ சோதனை இன்னும் ஒரு படி மேலே போய், அபாயம் குறைந்தவர்களுக்கு அறுவைக்குப் பிறகு சிகிச்சையே கொடுக்காமல் விடலாமா என்று பார்க்கிறது. பி53 கெட்டவர்களுக்கான ரெட் சோதனையில் கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த பிறகு ஓலாபாரிப் என்ற மாத்திரை.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் நுழைவுச் சீட்டு அறுவையில் எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவுதான். ஆகவே அறுவை முடிந்து மேல்சிகிச்சை பற்றிப் பேச உட்காரும்போது, எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: எம்எம்ஆர் பார்த்தாயிற்றா, பி53 பார்த்தாயிற்றா, பிஓஎல்ஈ பார்க்க வசதி இருக்கிறதா. பார்க்கவில்லை என்றாலும் தாமதமாகிவிடவில்லை. அறுவையில் எடுத்த கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கும். அதிலிருந்து இன்னொரு சீவல் எடுத்தால் போதும்.